லையா, லேயா? தாய்மொழிக்காரர்களே தடுமாறும் ஆங்கில வினைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே தினமும் மாற்றிச் சொல்லும் வினைச்சொல் ஒன்று உண்டென்றால் அது 'லே'. யூடியூபில் உடற்பயிற்சி சொல்லித்தருபவர் 'லே ஆன் யுவர் பேக்' என்பார். நாயைப் பழக்குபவர் 'லே டவுன்' என்று அதட்டுவார். இலக்கணப்படி இரண்டு இடத்திலும் வர வேண்டியது 'லை'. பேச்சில் யாரும் அவர்களைத் திருத்தப்போவதில்லை. ஆனால் நாம் எழுதும் வேலை விண்ணப்பத்திலோ, ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக் கட்டுரையிலோ, வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் போகும் அறிக்கையிலோ அதே சலுகை நமக்குக் கிடைக்காது.

ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த விஷயத்தில் ஆங்கிலேயரைவிடத் தமிழருக்கு வசதி அதிகம். 'பந்து உருண்டது', 'பந்தை உருட்டினான்' என்பதை நம் வீட்டு ஐந்து வயதுக் குழந்தைகூட மாற்றிச் சொல்லாது. தானே நடப்பதற்கு ஒரு வினை, ஒன்றை நடக்கச் செய்வதற்கு இன்னொரு வினை. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் இதற்குப் பெயர் சொல்லிக்கொடுத்தார்கள். உருள், உருட்டு, ஓடு, ஓட்டு, திரும்பு, திருப்பு, கிட, கிடத்து என்று நம்மிடம் இப்படிப்பட்ட ஜோடிகள் நூற்றுக்கணக்கில் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம் என்ற அளவுக்குத்தான் மிஞ்சியிருக்கின்றன. அதனால்தான் அவர்களுக்குத் தடுமாற்றம். லை என்பது 'கிட', லே என்பது 'கிடத்து'. அட்டவணையை மனப்பாடம் செய்யும் முன் இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

படி 1: எழுத்தைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்

எல்-ஐ-ஈ என்று எழுதுவது லை. கிடப்பது, படுத்திருப்பது, ஓரிடத்தில் அமைந்திருப்பது என்று பொருள். எல்-ஏ-ஒய் என்று எழுதுவது லே. கிடத்துவது, வைப்பது, விரிப்பது, பதிப்பது, போடுவது என்று பொருள்.

பொய் சொல்வதற்கும் ஒரு லை இருக்கிறது. எழுத்தும் ஒலியும் ஒன்றே, ஆனால் அது வேறு வேரிலிருந்து வந்த வேறு சொல். ஆங்கிலத்துக்குப் பங்காளி முறையான ஜெர்மனில் மூன்றும் இன்றைக்கும் தனித்தனியாகவே இருக்கின்றன: கிடப்பதற்கு 'லீகன்', வைப்பதற்கு 'லேகன்', பொய் சொல்வதற்கு 'ல்யூகன்'. ஆங்கிலத்தில் முதலாவதும் மூன்றாவதும் ஒரே வடிவமாகக் குழைந்துவிட்டன.

பொய் சொல்லும் லை எந்தத் தொந்தரவும் தராத வினை. இறந்தகாலத்தில் ஒரு டி சேர்த்தால் போதும், 'லைட்', அதாவது எல்-ஐ-ஈ-டி. 'ஹி லைட் டு மீ' என்றால் என்னிடம் பொய் சொன்னான். இதைப் படுப்பதற்குக் கொண்டுபோய் 'ஹி லைட் ஆன் தி பெட்' என்று எழுதினால், கட்டிலில் இருந்தபடி பொய் சொன்னான் என்றாகிவிடும். பொய்யை இத்தோடு ஒதுக்கி வைத்துவிடலாம். இனி லை என்றால் கிடப்பதுதான்.

படி 2: 'எதை?' என்று கேளுங்கள்

தமிழ் வகுப்பில் செயப்படுபொருளைக் கண்டுபிடிக்கச் சொல்லித்தந்த அதே கேள்வி. வாக்கியத்தில் 'எதை?', 'யாரை?' என்று கேட்டால் பதில் கிடைக்கிறதா? கிடைத்தால் லே. கிடைக்காவிட்டால் லை.

'ஐ லை ஆன் தி ஃப்ளோர்': நான் தரையில் படுக்கிறேன். எதைப் படுக்கிறேன் என்று கேட்டால் அபத்தமாக இருக்கிறது. பதில் இல்லை, ஆகவே லை. 'ஐ லே தி மேட் ஆன் தி ஃப்ளோர்': தரையில் பாயை விரிக்கிறேன். எதை? பாயை. ஆகவே லே.

'மதுரை லைஸ் ஆன் தி வைகை' சரி, ஏனென்றால் மதுரை வைகைக் கரையில் தானே அமைந்திருக்கிறது, எதையும் வைக்கவில்லை. 'தி ப்ராப்ளம் லைஸ் இன் தி வயரிங்' என்பதும் அப்படியே. பிரச்சினை வயரிங்கில் இருக்கிறது. ஊர், பிரச்சினை, தவறு, பொறுப்பு, வித்தியாசம் எல்லாம் லை-யோடுதான் வரும். அலுவலக ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் இடம் இது. 'தி மிஸ்டேக் லேஸ் வித் தி வெண்டர்' என்று எழுதிவிடாதீர்கள். 'லைஸ் வித்' என்றுதான் வர வேண்டும்.

பழைய ஆங்கிலக் கல்லறைகளின் மேல் 'ஹியர் லைஸ்' என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருப்பவர் எதையும் எங்கேயும் வைக்கவில்லை, கிடக்கிறார், அவ்வளவுதான். 'தூங்குகிற நாயை எழுப்பாதே' என்ற பொருளில் வரும் 'லெட் ஸ்லீப்பிங் டாக்ஸ் லை' என்ற பழமொழியிலும் லை வருவது இதனால்தான்.

தமிழில் வாக்கியத்தை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். 'கிட', 'படு', 'அமைந்திரு' என்று வந்தால் லை. 'வை', 'விரி', 'பதி', 'போடு' என்று வந்தால் லே. நிகழ்காலம் வரைக்கும் இந்தச் சோதனை தவறாது.

படி 3: இறந்தகாலம், உண்மையான பள்ளம்

இதுவரை சொன்னதெல்லாம் சுலபம். ஆங்கிலேயர்கள் விழும் குழி இறந்தகாலத்தில் இருக்கிறது. 'லை' என்ற வினைக்கு இறந்தகாலம் 'லே'. ஆம், எல்-ஏ-ஒய். கிடத்துவதற்கான நிகழ்கால வினையும் அதே எழுத்துதான்.

வரிசையாகச் சொன்னால், கிடப்பதற்கு லை, லே, லெய்ன். கிடத்துவதற்கு லே, லெய்ட், லெய்ட். லெய்ன் என்பது எல்-ஏ-ஐ-என். லெய்ட் என்பது எல்-ஏ-ஐ-டி. லெய்ட்-டை எல்-ஏ-ஒய்-ஈ-டி என்று எழுதுவது தவறு. 'பே' என்பதற்கு 'பெய்ட்' எழுதுவதைப் போலவே இதற்கும் ஒய் போய் ஐ வந்துவிடும்.

ஆகவே 'யெஸ்டர்டே ஐ லே ஆன் தி சோஃபா ஆல் டே' என்பது நூற்றுக்கு நூறு சரியான வாக்கியம். நேற்று முழுக்க சோஃபாவில் கிடந்தேன். 'யெஸ்டர்டே ஐ லெய்ட் ஆன் தி சோஃபா' என்றால் தவறு, ஏனென்றால் எதைப் போட்டேன் என்பது வாக்கியத்தில் இல்லை. காதுக்கு இரண்டாவதுதான் இயல்பாகப் படும். இறந்தகாலம் என்றாலே கடைசியில் ஒரு டி வேண்டும் என்று காது எதிர்பார்க்கும். அந்த எதிர்பார்ப்பை நம்பாதீர்கள்.

இந்தக் குளறுபடி ஆங்கிலத்துக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைக்க வேண்டாம். நம் 'படுத்து' என்ற சொல்லைப் பாருங்கள். 'படுத்துத் தூங்கினான்' என்பதில் அது தன்வினை, 'படு' என்பதன் எச்சம். 'என்னைப் படுத்தாதே' என்பதில் பிறவினை, அதுவே முழு வினைப்பகுதி. எழுத்து ஒன்று, வேலை இரண்டு. 'படுத்தான்' என்றால் தானே படுத்தான். 'படுத்தினான்' என்றால் இன்னொருவரைப் பாடாய்ப் படுத்தினான். இதில் நாம் ஒருநாளும் குழம்புவதில்லை. 'லே'யும் இதே கதைதான். தன்வினையின் இறந்தகால வடிவமும் பிறவினையின் மூல வடிவமும் ஓரிடத்தில் முட்டிக்கொள்கின்றன.

ஆங்கிலத்திலேயே இதற்கு இன்னொரு ஜோடி இருக்கிறது: ஃபால், ஃபெல். மரம் விழுவது ஃபால், விழுந்தது 'ஃபெல்'. மரத்தை வெட்டி வீழ்த்துவதும் 'ஃபெல்'. வீழ்த்தினான் என்றால் 'ஃபெல்ட்'. அப்படியே வீழ், வீழ்த்து. ஆனால் ஃபெல், ஃபெல்ட் விஷயத்தில் யாரும் தடுமாறுவதில்லை. மரம் வெட்டுகிறவர்களைத் தவிர அந்தப் பிறவினையை யாரும் தினமும் பயன்படுத்துவதில்லை என்பதே காரணம். லே தினமும் வாயில் புழங்குகிற சொல், அதனால்தான் அதில் இத்தனை பிசகு.

இறந்தகால வாக்கியத்தில் 'லே' என்று எழுதிவிட்டுச் சந்தேகம் வந்தால் ஒரு சோதனை. அதே வாக்கியத்தை 'நாளை' என்று மாற்றிப் பாருங்கள். 'டுமாரோ ஐ வில் லை ஆன் தி சோஃபா' என்று லை வந்தால், நேற்றைக்கு லே. 'டுமாரோ ஐ வில் லே தி டைல்ஸ்' என்று லே வந்தால், நேற்றைக்கு லெய்ட். நாளைக்கு எது வருகிறது என்பதை முடிவு செய்ய 'எதை?' கேள்வி போதும். அதிலிருந்து நேற்றுக்குப் போவது ஒரே எட்டு.

படி 4: ஹாவ், ஹாஸ், ஹாட் வந்தால்

கிடப்பதற்கு லெய்ன். 'தி ஃபைல் ஹாஸ் லெய்ன் ஆன் ஹிஸ் டெஸ்க் ஃபார் மந்த்ஸ்': கோப்பு அவர் மேசையில் மாதக்கணக்காகக் கிடக்கிறது. இலக்கணம் சரி, ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் லெய்ன் அரிது. படிக்கிறவருக்குக் கொஞ்சம் பழைய வாடை அடிக்கும். நான் 'ஹாஸ் பீன் லையிங்' என்றே எழுதுவேன். பொருள் அதேதான், யாருக்கும் நெருடாது. போட்டித் தேர்வில் கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் மட்டும் லெய்ன் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

கிடத்துவதற்கு லெய்ட், மாற்றமே இல்லை. 'தே ஹாவ் லெய்ட் தி கேபிள்': கேபிள் பதித்துவிட்டார்கள்.

படி 5: ஐஎன்ஜி வடிவம்

லை என்பது லையிங் ஆகும்போது ஐ-ஈ போய் ஒய் வரும்: எல்-ஒய்-ஐ-என்-ஜி. லே என்பது லேயிங்: எல்-ஏ-ஒய்-ஐ-என்-ஜி. நம்மவர்கள் எழுத்தில் அதிகமாகப் பிசகுவது இங்கேதான் என்பது என் அபிப்பிராயம். 'தி டாக்குமெண்ட்ஸ் ஆர் லேயிங் இன் தி கப்போர்ட்' என்று எழுதுகிறார்கள். கோழி முட்டையிடுவதற்கும் லே தான் வரும். ஆவணங்கள் அலமாரியில் முட்டையிட்டுக்கொண்டிருக்கின்றனவா? லையிங் என்று இருக்க வேண்டும். எழுத்துப்பிழை சோதிக்கும் மென்பொருள் லேயிங் என்பதும் ஒழுங்கான சொல்தான் என்று பேசாமல் விட்டுவிடும். அதை நம்பி உட்கார முடியாது.

படி 6: செய்தவர் மறைந்திருக்கும் வாக்கியம்

செயப்பாட்டு வினையில் 'எதை?' கேள்வி கொஞ்சம் காலை வாரும். 'தி பைப்ஸ் வேர் லெய்ட் லாஸ்ட் வீக்' என்பதில் 'எதை?' என்று கேட்டால் பதில் வராது, பைப் எழுவாயாக முன்னால் போய் உட்கார்ந்துவிட்டது. இந்த மாதிரி இடங்களில் கேள்வியை மாற்றுங்கள். 'இதை யாராவது செய்தார்களா?' என்று கேளுங்கள். பைப்பை யாரோ பதித்தார்கள் என்றால் லெய்ட். பைப் தானாகக் கிடந்தது என்றால் லே அல்லது லையிங்.

அரசுக் கட்டடங்களின் வாசலில் பதித்திருக்கும் கிரானைட் பலகை இதற்கு நல்ல பாடம். ஆங்கிலத்தில் 'ஃபவுண்டேஷன் ஸ்டோன் லெய்ட் பை' என்று இருக்கும். கீழே சிறப்பு விருந்தினர் பெயர் பெரிதாகவும், தலைமை தாங்கியவர் பெயர் கொஞ்சம் சிறிதாகவும், தேதியும். கல்லை ஒருவர் நாட்டினார், கல் தானாக வந்து உட்காரவில்லை. ஆகவே லெய்ட். பணம் ஒதுக்காமல் கட்டடம் எழும்பாத இடத்தில், அந்தக் கல் முள்ளுச்செடிக்கு நடுவே வருடக்கணக்காகக் கிடக்கும். அப்போது 'தி ஸ்டோன் ஸ்டில் லைஸ் தேர்'. ஒரே கல், நாட்டும்போது லே, கிடக்கும்போது லை.

இரண்டும் அடுத்தடுத்து வரும் இன்னொரு சந்தர்ப்பம் தலைவர்களின் இறுதிச்சடங்கு. பொதுமக்கள் அஞ்சலிக்காக உடல் வைக்கப்பட்டிருப்பதை ஆங்கிலத்தில் 'லை இன் ஸ்டேட்' என்பார்கள். அடக்கம் செய்வது 'லே டு ரெஸ்ட்'. 2022 செப்டம்பரில் இரண்டாம் எலிசபெத் மகாராணியின் உடல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் நாலரை நாள் வைக்கப்பட்டிருந்தது. 19ஆம் தேதி வின்ட்சரில் அடக்கம் செய்தார்கள். ஆங்கிலத்தில் சொன்னால் 'ஷி லே இன் ஸ்டேட் அட் வெஸ்ட்மின்ஸ்டர் ஹால் அண்ட் வாஸ் லெய்ட் டு ரெஸ்ட் அட் வின்ட்சர்'. முதலாவது கிடப்பதன் இறந்தகாலம், இரண்டாவது கிடத்தப்பட்டது. 2018 ஆகஸ்டில் கருணாநிதியின் உடல் ராஜாஜி அரங்கில் வைக்கப்பட்டு மெரினாவில் அடக்கம் செய்யப்பட்டதை எழுதினாலும் வினைகள் மாறாது. அந்த இறந்தகால 'லே'யை 'லெய்ட் இன் ஸ்டேட்' என்று எழுதிவிட எந்த நிருபருக்கும் கை துடிக்கும்.

தமிழ் நம்மைத் தவறாக வழிநடத்தும் ஓர் இடம்

தமிழ் உதவும் என்று ஆரம்பத்தில் சொன்னேன். காலை வாரும் இடமும் ஒன்று உண்டு. 'சாவி மேஜை மேல வச்சிருக்கு' என்று சொல்கிறோம். வைத்தவர் யாரென்று சொல்வதில்லை, சொல்லவும் வேண்டாம். வினை 'வை', ஆனால் பொருள் 'இருக்கிறது'. இதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போதுதான் 'தி கீ இஸ் லேயிங் ஆன் தி டேபிள்' என்றோ, 'தி கீ இஸ் கெப்ட் ஆன் தி டேபிள்' என்றோ வருகிறது. முதலாவது தவறு. இரண்டாவது இந்திய ஆங்கிலத்தில் நன்றாகவே ஓடுகிறது, ஆனால் லண்டன்காரருக்கு அந்தச் சாவியின் நிரந்தர இடமே மேஜைதான் என்று கேட்கும். 'தி கீ இஸ் லையிங் ஆன் தி டேபிள்' என்பது சரி. வெறுமனே 'தி கீ இஸ் ஆன் தி டேபிள்' என்றால் இன்னும் சரி. எல்லா இடத்திலும் லை போட்டே தீர வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

'வச்சிருக்கு', 'போட்டிருக்கு', 'விரிச்சிருக்கு' என்று தமிழில் மனதில் வந்தால் ஒரு கணம் நிறுத்துங்கள். இப்போதைய நிலையைச் சொல்கிறீர்களா, யாரோ செய்த வேலையைச் சொல்கிறீர்களா? நிலை என்றால் லை. வேலை என்றால் லே.

படி 7: தொடர்களில் எது வரும்

இங்கே விதியைவிடப் பழக்கம் முக்கியம். லே-யோடு வரும் தொடர்கள்தான் அதிகம். மேசையில் தட்டு, கரண்டி எல்லாம் எடுத்து வைப்பது 'லே தி டேபிள்'. செங்கல் அடுக்குவது 'லே பிரிக்ஸ்'. பொறி வைப்பது 'லே எ டிராப்'. பழியைப் போடுவது 'லே தி பிளேம்'. உரிமை கொண்டாடுவது 'லே க்ளெய்ம்'. விதிகளை வகுப்பது 'லே டவுன்'. தீர்ப்புகளிலும் அரசாணைகளிலும் 'ஆஸ் லெய்ட் டவுன்' என்று வருவது இதிலிருந்துதான். நாடாளுமன்ற நிகழ்ச்சி நிரலில் 'பேப்பர்ஸ் டு பி லெய்ட் ஆன் தி டேபிள்' என்று ஓர் அங்கம் உண்டு. அமைச்சர் ஒருவர் அந்தத் தாள்களை அவையின் மேசை மீது வைக்கிறார். கவனியுங்கள், வைத்த பிறகு அந்தத் தாள்கள் அங்கே 'லை' ஆகின்றன.

தமிழிலேயே புழங்கும் இரண்டு சொற்கள் லே-யை நினைவில் வைக்க உதவும். ஒன்று ரியல் எஸ்டேட் விளம்பரத்தில் வரும் 'லேஅவுட்'. டிடிசிபி அப்ரூவ்ட் லேஅவுட் என்று நோட்டீஸில் போட்டிருப்பார்களே, அது. நிலத்தை ஒருவர் மனைகளாகப் பிரித்துப் போடுகிறார், ஆகவே லே. இரண்டாவது ஐடி அலுவலகங்களில் எல்லோரும் பயப்படும் 'லேஆஃப்'. நிறுவனம் ஆளை வெளியே அனுப்புகிறது, ஆகவே லே. வேலை போனவர் சொல்ல வேண்டியது 'ஐ வாஸ் லெய்ட் ஆஃப்'. 'ஐ வாஸ் லே ஆஃப்' என்று லிங்க்ட்இனில் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏற்கெனவே மனசு நொந்திருப்பவரிடம் போய் இலக்கணம் பேசவும் முடியாது.

லை-யின் தொடர்கள் குறைவு. 'லை டவுன்' என்றால் படுத்துக்கொள். ஸ்கேன் எடுக்கும் இடத்தில் உங்களைப் பார்த்துச் சொல்வது இதுதான். 'லை இன்' என்றால் ஞாயிற்றுக்கிழமை எழுந்திருக்காமல் கட்டிலிலேயே புரண்டுகொண்டிருப்பது. பிரிட்டிஷ்காரர்களுக்குப் பிடித்த சொல். 'அண்டர்லையிங் காஸ்' என்றால் அடியில் கிடக்கும் காரணம்; மருத்துவ அறிக்கையில் அடிக்கடி வரும்.

எழுத்து ஏறக்குறைய ஒன்றாகி, பொருள் தலைகீழாகும் ஜோடி ஒன்று உண்டு. 'லை லோ' என்றால் யார் கண்ணிலும் படாமல் பதுங்கியிருப்பது. அதன் இறந்தகாலம் 'லே லோ'. 'ஹி லே லோ ஃபார் எ மந்த்' என்றால் ஒரு மாதம் தலைமறைவாக இருந்தான். 'லே லோ' என்பதையே பிறவினையாக எடுத்தால், ஒருவரைக் கீழே வீழ்த்துவது. 'தி ஃபீவர் லெய்ட் ஹிம் லோ' என்றால் காய்ச்சல் அவனைப் படுக்கையில் தள்ளிவிட்டது. பதுங்குவதைச் சொல்ல 'ஹி இஸ் லேயிங் லோ' என்று எழுதுவது தாய்மொழிக்காரர்களிடமே பரவலாக இருக்கும் பிழை. 'லையிங் லோ' என்பதுதான் சரி.

விதிக்கு அடங்காதவை

கோழி. 'தி ஹென் லெய்ட் ஆன் எக்' என்பதில் சிக்கல் இல்லை; எதை என்றால் முட்டையை. ஆனால் பண்ணைக்காரர் 'தி ஹென்ஸ் ஆர் நாட் லேயிங்' என்று முட்டையைச் சொல்லாமலே சொல்வார். கோழி வேறு எதை இடப்போகிறது என்பதால் முட்டை சொல்லாமலே புரிந்துவிடுகிறது. 'கோழி இப்போ இடறதில்ல' என்று நாமும் சொல்கிறோம் அல்லவா.

நிலவரம் என்ற பொருளில் வரும் பெயர்ச்சொல் இன்னொன்று. பிரிட்டனில் 'லை ஆஃப் தி லேண்ட்', அமெரிக்காவில் 'லே ஆஃப் தி லேண்ட்'. இரண்டும் சரி. யாருக்கு எழுதுகிறீர்களோ அவர் ஊர்ப் பழக்கத்தைப் பின்பற்றுங்கள்.

'லே'யைக் கிடப்பதற்குப் பயன்படுத்துவது புதுப்பிழையும் அல்ல. 14ஆம் நூற்றாண்டிலிருந்தே எழுத்தில் அது இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் இலக்கணக்காரர்கள் அதைப் பிழை என்று பிடிக்க ஆரம்பித்தார்கள். அதன் பிறகு பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகத் திருத்தியும் பேச்சில் அது போகவில்லை. ஒருநாள் அகராதிகளே முழுதாக விட்டுக்கொடுக்கலாம். அதுவரை எழுத்தில் பிரித்து எழுதுவதே பாதுகாப்பு. பேச்சில் ஓர் அமெரிக்க நண்பர் 'ஐ ஆம் கோயிங் டு லே டவுன்' என்றால் திருத்தப் போகாதீர்கள், அவரைத் தூங்க விடுங்கள்.

இதே வீட்டுப் பிள்ளைகள்

இந்தச் சோதனை ரைஸ், ரெய்ஸ் ஜோடிக்கும் அப்படியே பொருந்தும். விலை தானே உயர்ந்தால் ரைஸ், ரோஸ், ரிஸன். கடைக்காரர் விலையை உயர்த்தினால் ரெய்ஸ், ரெய்ஸ்ட், ரெய்ஸ்ட். 'பிரைசஸ் ரோஸ்', 'தே ரெய்ஸ்ட் பிரைசஸ்'. உயர், உயர்த்து. சிட், செட் ஜோடியும் பிறப்பால் அதே உறவுதான், அமர், அமர்த்து போல. ஆனால் செட் பிற்காலத்தில் எக்கச்சக்கப் பொருள்களை ஏற்றுக்கொண்டுவிட்டது. 'தி சன் செட்ஸ்' என்று சூரியன் தானே மறைவதற்கும் செட் வருகிறது. அங்கே இந்த விதியைக் கொண்டுபோய் நீட்டாதீர்கள்.

படி 8: போட்டுப் பார்த்துவிடுங்கள்

கீழே கோடிட்ட இடங்களில் எது வரும் என்று விடையைப் பார்க்காமல் யோசியுங்கள். உங்கள் தெருவில் குடிநீர்க் குழாய் வேலை நடப்பதாக வைத்துக்கொள்வோம்.

அ) தி பைப்ஸ் ___ ஆன் தி ரோட்சைட் ஃபார் டூ வீக்ஸ் லாஸ்ட் ஜூன்.
ஆ) தென் தி ஒர்க்கர்ஸ் ___ தெம் இன் ஒன் நைட்.
இ) டூ ப்ரோக்கன் பைப்ஸ் ஆர் ஸ்டில் ___ நியர் அவர் கேட்.
ஈ) ஒன் ஆஃப் தெம் ஹாஸ் ___ தேர் சின்ஸ் ஜூன்.
உ) நியூ கேபிள்ஸ் வில் பி ___ நெக்ஸ்ட் மந்த்.
ஊ) தி கான்ட்ராக்டர் ___ டு அஸ் அபௌட் தி டேட்.

அ-வில் குழாய்கள் போன ஜூனில் ரோட்டோரம் கிடந்தன. எதை என்ற கேள்விக்குப் பதில் இல்லை, காலம் இறந்தகாலம், ஆகவே லே. இங்கே லெய்ட் என்று எழுதியிருந்தால் படி 3-ஐ மறுபடி படியுங்கள். ஆ-வில் தொழிலாளர்கள் அவற்றைப் பதித்தார்கள், எதை என்றால் 'தெம்', ஆகவே லெய்ட். இ-யில் உடைந்த குழாய்கள் கேட்டருகே கிடந்துகொண்டிருக்கின்றன, லையிங். ஈ-யில் ஹாஸ் இருப்பதால் லெய்ன். 'ஹாஸ் பீன் லையிங்' என்று மாற்றி எழுதியிருந்தாலும் முழு மதிப்பெண். உ-வில் கேபிளை யாரோ பதிக்கப்போகிறார்கள், செய்பவர் மறைந்திருக்கிறார், லெய்ட். ஊ-வில் ஒப்பந்தக்காரர் தேதியைப் பற்றி நம்மிடம் பொய் சொன்னார். எல்-ஐ-ஈ-டி, லைட்.